கலியமூர்த்திக்கு ஒரு வண்டி பின்னால்

மஸ்கட்டில் கார் அழுக்காக இருந்தால் போலீஸ்காரர் நிறுத்துவார். ஊரில் இதைச் சொன்னால் நான் கதை விடுகிறேன் என்று சிரிக்கிறார்கள். நெல்லிக்குப்பம் பக்கம் கரும்பு வெட்டுகிற பருவத்தில் டிராக்டருக்குப் பின்னால் பத்து நிமிஷம் போய்வந்தால் வண்டி என்ன நிறம் என்றே மறந்துபோகும். அதற்கெல்லாம் நிறுத்தி விசாரித்தால் கடலூர் மாவட்டத்தில் ஒருத்தனும் வீடு போய்ச் சேர முடியாது. இங்கே மஸ்கட்டில் இரண்டு நாள் புழுதிக்காற்று அடித்த மறுநாள் காலை, வேலைக்குப் போகிற வழியில் என்னை ஓரங்கட்டச் சொன்னார் ஓர் இளவயதுப் போலீஸ்காரர். பின்கண்ணாடியில் விரலால் ஒரு கோடு இழுத்து, அந்த விரலை என் மூக்குக்கு நேரே நீட்டி, "வஸக்" என்றார். அழுக்கு என்று அர்த்தம். நான் "சாரி, சாரி" என்றேன். அவர் வண்டியை ஒரு தடவை பார்த்தார், என் கசங்கிய சட்டையை ஒரு தடவை பார்த்தார். "சய்யாரா மால் அர்பாப்?" என்றார். முதலாளி வண்டியா என்று கேட்கிறார். "மால் அனா, மால் அனா" என்று நெஞ்சைத் தொட்டுக் காட்டினேன், என்னுடையதுதான் என்று. முல்கியா என்று இங்கே சொல்லப்படும் பதிவு அட்டையை வாங்கி, என் அடையாள அட்டையோடு எழுத்தெழுத்தாக ஒப்பிட்டார். அப்புறம் தோளில் தட்டி, சீக்கிரம் கழுவு, இல்லாவிட்டால் உன் அர்பாப் திட்டுவார் என்கிற மாதிரி ஏதோ சொல்லி அனுப்பிவைத்தார்.

அன்றைக்கு முழுக்க எனக்கு வேலை ஓடவில்லை. ஒரு கட்டுமானக் கம்பெனியில் வரைபடம் வரைகிறவன் நான். அன்று போட்ட கோடெல்லாம் கோணல். வண்டி உன்னுடையதா என்ற கேள்வி எனக்குப் புதிதில்லை. இரண்டு நாட்டிலும் அதைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. எல்லாவற்றுக்கும் காரணம் ஒரே ஆள்தான். கலியமூர்த்தி.

கலியமூர்த்தி என் அத்தை மகன், சிதம்பரத்துக்காரன். எனக்குக் கடலூரில் செம்மண்டலம். அவன் எனக்கு முன்பே மஸ்கட் வந்துவிட்டவன், ஒரு பெரிய வியாபாரியின் வீட்டில் டிரைவர். அந்த வியாபாரி ஜப்பான் சொகுசு வண்டியைத் தவிர வேறெதிலும் ஏறமாட்டார். கம்பெனி பேர் வேண்டாம். சொன்னால் அவர்களுக்கு விளம்பரம், எனக்கு வயிற்றெரிச்சல். மூன்று வருஷத்துக்கு ஒரு தடவை, வண்டிக்கு ஒரு தும்மல் வருவதற்குள் மாற்றிவிடுவார். புதுசு வரும். அதன் முதல் கிலோமீட்டரைக் கலியன்தான் ஓட்டுவான். சீட்டில் பிளாஸ்டிக் உறை பிரிக்காத வண்டியில், தோல் வாசனை குப்பென்று அடிக்க, அவன் உட்கார்ந்து போவதை நினைத்தாலே எனக்குச் சோறு இறங்காது. இத்தனைக்கும் அவன் இருந்தது அந்த வீட்டு கேட்டை ஒட்டிய ஒற்றை அறையில். பெண்டாட்டி பிள்ளைகள் சிதம்பரத்தில், இரண்டு வருஷத்துக்கு ஒருமுறைதான் பார்க்கலாம். எனக்கு என் மனைவி சுமதியும் மகளும் கூடவே இருந்தார்கள். யார் யாரைப் பார்த்துப் பொறாமைப்பட வேண்டும் என்று எனக்கும் தெரியும். தெரிந்து என்ன செய்ய?

2004இல் அவன் போன் செய்தான். "மச்சான், அர்பாப் வண்டிய மாத்துறாரு. வெளில குடுக்கறதுக்கு நீ எடுத்துக்கயேன். எம் புள்ள மாதிரி பாத்து வச்சிருக்கேன்." எடுத்துக்கொண்டேன். முத்து வெள்ளை நிறம். பக்கத்து வண்டிக்காரன் திரும்பிப் பார்ப்பான். முதல் நாள் மகளைப் பின்னால் ஏற்றி, சுமதியை முன்னால் ஏற்றி, கதவோரம் இருந்த பொத்தான்களில் ஒன்று என்று போட்டதை அழுத்தினேன். சீட்டு தானாக நகர்ந்து, பின்னால் சாய்ந்து, உயர்ந்து, ஓரிடத்தில் நின்றது. அது கலியன் தன் அளவுக்குப் பதிந்துவைத்திருந்த இடம். அவன் என்னைவிட நெட்டை. என் கால் பிரேக்குக்கு எட்டவில்லை. சுமதி விழுந்து விழுந்து சிரித்தாள். அன்றே அதை அழித்து என் அளவைப் பதிந்துவைத்தேன். ஆனால் தலை சாய்க்கிற இடத்தில் இருந்த அவன் தேங்காயெண்ணெய் வாசனையை என்ன செய்தும் போக்க முடியவில்லை.

கொடுத்தானே, அதோடு விட்டானா? வெள்ளிக்கிழமை தவறாமல் வந்துவிடுவான். முதலில் வண்டியைச் சுற்றி வருவான், அப்புறம்தான் வீட்டுக்குள் வருவான். "என்னா மச்சான், டயர்ல காத்தே இல்ல? வாரத்துக்கு ஒருக்கா பாக்க மாட்டியா?" "பிரேக்க இப்டி மிதிச்சா தேயாம இன்னா பண்ணும்?" பெண்ணைக் கட்டிக்கொடுத்த வீட்டுக்கு வந்து குறை கண்டுபிடிக்கிற மாமனார் தோற்றுப்போக வேண்டும். சுமதி அவனுக்கு மட்டும் டிகாஷன் தூக்கலாகக் காபி போட்டுக் கொடுப்பாள். மஸ்கட்டில் வாதி கபீர் பக்கம் ஒர்க் ஷாப் வைத்திருந்த மலையாளி, நான் வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தியதும் என்னைத் தாண்டி எட்டிப் பார்த்து, "கலியேட்டன் வந்நில்லே?" என்பார். வண்டியின் வயிற்றுக்குள் இருக்கிற ஒவ்வொரு நட்டும் கலியன் காலத்தில் எப்போது மாற்றப்பட்டது என்று அவருக்கு மனப்பாடம். நான் அங்கே நிற்கிற வேற்றாள்.

2007இல் அர்பாப் மறுபடியும் மாற்றினார். நானும் மாற்றினேன். கலியன் ஏறி இறங்கியதில் நான் ஏறினேன். பழசை விற்கிற அன்று அவன் வந்து, பானெட்டைத் தடவிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றிருந்துவிட்டுப் போனான். எனக்கு அப்போதும் அது புரியவில்லை. ஓவராகப் பண்ணுகிறான் என்றுதான் நினைத்தேன்.

அடுத்த வருஷம் விடுமுறையில் போனபோது சிதம்பரத்தில் ஒரு சொந்தக்காரர் கல்யாணம். பந்தியில் எனக்குப் பக்கத்தில் காட்டுமன்னார்கோயிலில் ரைஸ்மில் வைத்திருக்கும் ஒரு பெரியவர், தூரத்து உறவில் மாமா முறை. சாம்பார் சாதத்தைப் பிசைந்துகொண்டே கேட்டார்: "ஏம்ப்பா, நீ நம்ம கலியன்கிட்டதான் வண்டி ஓட்டுறியாமே? பரவால்ல, சொந்தக்காரனுக்கு ஒத்தாசையா ஒரு வேல போட்டுக் குடுத்திருக்கான்."

எனக்குப் புரையேறிவிட்டது. "யாரு மாமா சொன்னது?"

"யாரு சொல்லணும்? போட்டோல அவன் பக்கத்துல நிக்கிற அதே வண்டி, அதே நம்பர். நீயும் பக்கத்துல நிக்கிற. அவன் போட்டோ மொதல்ல வந்துச்சி, ஒன்னுது அப்புறம் வந்துச்சி."

"அது என் வண்டி மாமா. நான் ஓட்டல. வச்சிருக்கேன்."

"எல்லாம் ஒண்ணுதாம்ப்பா. ஒழைச்சி சாப்புடறதுல இன்னா வெக்கம்? பாயசம் ஊத்தச் சொல்லு."

கை கழுவின கையோடு சுமதியை இழுத்துக்கொண்டு அத்தை வீட்டுக்குப் போனேன். கூடத்தில் சட்டம் போட்டு மாட்டியிருந்தது என் வண்டி. பக்கத்தில் கலியன், கூலிங் கிளாஸ், இடுப்பில் கை. "என்னா அத்த இது, ஊர்ல என்னை அவனோட டிரைவர்ன்றாங்க" என்று கத்தினேன். அத்தை அசரவில்லை. "எம் புள்ள எந்தக் காலத்துலடா அது தன் வண்டின்னு சொன்னான்? நீதான் அவுங்க வுட்டுப்புட்டத வாங்கி வாங்கி ஓட்டுற." சுமதி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அத்தை சொன்னதில் ஒரு பொய்யும் இல்லை, அதுதான் என்னைக் கொன்றது.

அன்றைக்கு முடிவு செய்தேன். இனி கலியன் உட்கார்ந்து எழுந்த சீட்டில் என் பின்பக்கம் படாது. ஒரே ஒரு தடவையாவது எனக்கு முன்னால் எவனும் தொடாத வண்டி வாங்குவேன். அதைக் கொண்டுபோய் அவன் அறை வாசலில் நிறுத்துவேன். அவன் பார்க்க வேண்டும், பார்த்து ஒரு வாய் சோறு இறங்காமல் கிடக்க வேண்டும். வேறு ஆசை எனக்கு இல்லை. 2010இல் அர்பாப் மாற்றியபோது கலியன் ஆசையாகப் போன் செய்தான். வேண்டாம் என்றேன். "சரி மச்சான், வேற ஆளப் பாக்கறேன்" என்று வைத்துவிட்டான்.

2011 கடைசியில் வாங்கினேன். ஷோரூமில் சாவி வாங்குகிற நேரம் எலுமிச்சம்பழம் கொண்டுவர மறந்துவிட்டோம் என்று சுமதி கையைப் பிசைந்தாள். திருப்பாதிரிப்புலியூர் கோயில் வாசலில் நாலு சக்கரத்துக்கும் பழம் வைத்து நசுக்காமல் எங்கள் பக்கம் ஒரு மொபெட்கூட நகராது. விற்பனையாளன் ஓமானிப் பையன், நல்ல மரியாதைக்காரன். "ஃபோர் லெமன், பிளீஸ்" என்றேன். "ஆஃப் கோர்ஸ்" என்று உள்ளே போனவன், கால் மணி நேரம் கழித்து, புதினா இலை மிதக்க நாலு கிளாஸ் எலுமிச்சை ஜூஸ் கொண்டுவந்து வைத்தான். "ஃபார் தி கார்" என்று சக்கரத்தைக் காட்டினேன். அவன் சக்கரத்தைப் பார்த்தான், கிளாஸைப் பார்த்தான், "நோ சார், த கார் டிரிங்க்ஸ் பெட்ரோல்" என்றான். மகள் இரண்டு கிளாஸ் குடித்தாள். பழம் வைக்காமலேயே வண்டியை எடுத்தேன்.

அவர்களை வீட்டில் இறக்கிவிட்டு நேரே கலியன் அறைக்குப் போனேன். சீட்டு உறையைப் பிரிக்கவில்லை. அவனுக்காகத்தான் பிரிக்காமல் வைத்திருந்தேன். ஹாரன் அடித்ததும் வெளியே வந்தான். வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தான் போல, கண் கலங்கியிருந்தது. கையை லுங்கியில் துடைத்துக்கொண்டு வண்டியை ஒரு முழுச் சுற்றுச் சுற்றி வந்தான். எப்போதும் தொட்டுத்தான் பார்ப்பான். அன்று கையைப் பின்னால் கட்டிக்கொண்டிருந்தான்.

"அருமையா இருக்கு மச்சான்" என்றான். "அர்பாபு வண்டியவிட ஒசத்தி."

நான் ஏழு வருஷமாகக் காத்திருந்த வார்த்தை. "ஏறு. ஒரு ரவுண்டு ஓட்டிப் பாரு" என்று சாவியை நீட்டினேன்.

"வேணாம் மச்சான். நான் ஒக்காந்தா ஊர்ல இதயும் என் வண்டின்னுடுவாங்க." சிரித்துக்கொண்டேதான் சொன்னான். அவனுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. அப்புறம் வாசற்படியில் உட்கார்ந்தான். "இந்தத் தடவ அவுங்க மாத்துனது வண்டிய இல்ல. என்னத்தான் மாத்திட்டாங்க. அர்பாபுக்கு ஒடம்பு முடியல, மவன் பாத்துக்கிறான். சின்ன வயசு ஆளா வேணுமாம். அடுத்த மாசம் ஊருக்குப் போறேன்."

"உனக்கென்ன, நல்லதுதான்" என்று உளறினேன்.

"ஒண்ணு சொல்லட்டா? தப்பா நெனைக்காத. ஒவ்வொரு தடவயும் தொடச்சி தொடச்சி வச்ச வண்டிய ஒங் கையில குடுத்துட்டு வந்து இந்தப் படியிலதான் ஒக்காருவேன். வயிறு எரியும் மச்சான். ஒன்னவிட எனக்குத்தான் ஜாஸ்தி தெரியும் அந்த வண்டியப் பத்தி, ஆனா நீ அதுல புள்ளய ஏத்திக்கினு கடலுக்குப் போவ. நான் ஒரு நாளாவது எம் புள்ளைங்கள அதுல ஏத்தியிருக்கேனா?"

அவன் எரிய வேண்டும் என்றுதானே வந்தேன்? எரிந்துகொண்டேதான் இருந்திருக்கிறான், என்னைப் போலவே, இத்தனை வருஷமாக. எனக்கு அது தித்திக்கவில்லை. திரும்பி வருகிற வழியில் வெட்கமாக இருந்தது. அந்த வெட்கத்துக்கு நடுவிலும், அவன் ஊருக்குப் போகிறான், நான் போகவில்லை என்ற நினைப்பு வந்து சுருக்கென்றது. பாருங்கள், எவ்வளவு கேவலமான ஜென்மம் நான்.

அவன் போய் இப்போது நாலு மாதமாகிறது. சிதம்பரம் பஸ் ஸ்டாண்டு பக்கத்து வேன் ஸ்டாண்டில் யாரோ ஒருவருடைய வண்டியை ஓட்டுகிறான். வெள்ளிக்கிழமை எங்கள் வீட்டில் காலிங் பெல் அடிப்பதில்லை. புதுவண்டி வாசலில் நிற்கிறது. அதற்கு ஒரு குறையும் இல்லை. அதில் குறை கண்டுபிடிக்கவும் ஆள் இல்லை. பார்த்துப் பொறாமைப்படவும் எனக்குத் தெரிந்த ஆள் யாரும் இந்த ஊரில் இல்லை.

நேற்றுக் காலை நானே போன் செய்தேன். உடனே எடுத்தான். "மச்சான், வண்டி எப்டி ஓடுது? ஸ்டார்ட் பண்ணி போன பானெட்டுகிட்ட வையி, சத்தத்தக் கேப்போம்."

வைத்தேன். கொஞ்ச நேரம் கழித்துக் காதில் வைத்து, "கேட்டுதா?" என்றேன்.

"ஒண்ணுமே கேக்கல மச்சான். அப்ப நல்லா இருக்குன்னு அர்த்தம்."

எனக்குக் கேட்டது. அவனுக்குப் பின்னால் ஒரு கண்டக்டர் "காட்டுமன்னார்கோயில், காட்டுமன்னார்கோயில்" என்று தொண்டை கிழியக் கத்தினார். டீ கிளாஸ்கள் மோதிக்கொண்டன. யாரோ ஒரு பெண் கலியனைப் பேர் சொல்லி, சில்லறை இருக்கா என்று கேட்டாள். இன்னொரு குரல், "கடலூர், கடலூர், ஏறு, ஏறு" என்றது. பஸ்ஸின் பக்கவாட்டில் பட்பட்டென்று கை தட்டுகிற சத்தம்.

"சவாரி வருது. வச்சிடட்டா மச்சான்?"

"இரு, வைக்காத" என்றேன். "என்னமோ ஒரு சின்ன சத்தம் வருது. நீ கேட்டுச் சொல்லு." அப்படியொரு சத்தமும் வரவில்லை. உள்ளே உட்கார்ந்து, போனைக் காதில் அழுத்திக்கொண்டு, நிற்கிற வண்டியின் ஆக்ஸிலேட்டரை மிதித்தேன். அந்தப் பக்கம் கடலூர் பஸ் இன்னும் கிளம்பவில்லை.