வருடா வருடம் சரிகிற மலை

எனக்கு மலையாள எழுத்தைச் சொல்லிக்கொடுத்தவை பஸ் போர்டுகள். ஆறாம் வகுப்போடு பள்ளியை விட்டு, ஏலக்காய்த் தோட்டத்திலிருந்து இறங்கி, வேலை கிடைத்த ஊரிலெல்லாம் இருந்தவன் நான். எந்த வண்டி எங்கே போகிறது என்று தெரியாவிட்டால் பாதி வழியில் இறக்கிவிட்டுப் போய்விடுவார்கள். அப்படி எழுத்துக் கூட்டிக் கூட்டிப் பழகியது. இன்றும் வேகமாக வராது. ஒரு வரி படிப்பதற்குள் பீடி அணைந்துவிடும். அந்த அரைப் படிப்பு ஒரு மழை நாளில் ஒருவனுக்குப் பாதி உதவியது.

அப்போது கொல்லங்கோட்டுக்குப் பக்கத்தில் ஒரு தென்னந்தோப்பில் தேங்காய் உரித்துக்கொண்டிருந்தேன். என்னோடு உரித்தவன் மூணாறை அடுத்த தேவிகுளம் பக்கத்துத் தேயிலை எஸ்டேட்காரன். என்னைவிட மிகவும் இளையவன். அவன் மனைவி அங்கே கொழுந்து பறிக்கிறாள். அவளும் சின்ன மகனும் லயத்தில் இருந்தார்கள். எஸ்டேட்டில் தொழிலாளிகளுக்கு வரிசையாக ஒட்டிக் கட்டியிருக்கும் வீடுகளுக்கு லயம் என்று பெயர். சரிவைப் பார்த்த கடைசி வீடு அவர்களுடையது. கூலி போதாமல் இவன் கீழே வந்திருந்தான்.

எங்கள் பக்கம் மழை பெரிதாக இல்லை. தெற்கே மலைப்பக்கம் மட்டும் வானம் கரி அப்பியது போல இருந்தது. காலையிலிருந்து அவன் மனைவிக்குப் போன் போகவில்லை. கரண்டு போனால் டவரும் போகும், மலையில் அது வழக்கம்தான் என்று அவனே சொன்னான். மதியச் சோற்றுக்கு உட்கார்ந்தபோது, தேனியில் இருக்கும் மச்சான் ஒரு வீடியோ அனுப்பியிருந்தான். அதற்கு மேல் எழுதியிருந்தது: 'இன்று காலை. மூணாறு பக்கம். லயம் போச்சு.'

வீடியோவில் மண் குழம்பாகக் கிடந்தது. ஓட்டுக்கூரை ஒன்று மண்ணில் பாதி புதைந்து சாய்ந்திருந்தது. நீலச் சேலை கட்டிய ஒரு பெண் தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். ஆட்கள் அவளைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

"அண்ணே, எங்க லயம் மாதிரியே இருக்குண்ணே."

"எல்லா லயமும் ஒண்ணு போலத்தாம்ல இருக்கும்."

"அந்தச் சரிவைப் பாருங்க. அதேதான். மாதாவே!"

கை கழுவாமலே எழுந்து தோட்டக்காரம்மாவிடம் ஓடினான். தோப்பு அவருடையது. தேங்காய் எண்ண வந்தவர் ஷெட்டில் நின்றுகொண்டிருந்தார். அவருடைய பைக்கைக் கேட்டான். பொள்ளாச்சி, உடுமலை, சின்னார் வழியாக மறையூர் ஏறி, இருட்டுவதற்குள் போய்விடுவேன் என்றான். நனைந்த காட்டு ரோடு, தேய்ந்த டயர், அழுகிற ஆள். மலை அவன் வீட்டை விட்டிருந்தாலும் அந்த ரோடு அவனை விடாது என்று எனக்குத் தோன்றியது.

"சாவி தர மாட்டேனுங்க தம்பி," என்றார் அவர். "இந்த மழைல எங்கீங்க போறீங்க? மரம் உழுந்தா யாரு பாக்கறது?" பிறகு தன் போனை எடுத்துப் பார்த்து, குரல் இறங்கிச் சொன்னார்: "எனக்கும் வந்திருக்குதுங்களே. மூணு குரூப்புல வந்திருக்குது. மூணு பேரும் பொய்யா சொல்லுவாங்க?"

அதைக் கேட்டதும் அவன் தரையில் உட்கார்ந்துவிட்டான்.

மூன்று இடத்தில் வந்தால் மூன்று சாட்சி என்றுதான் யாருக்கும் தோன்றும். எனக்கும் அப்போது அப்படித்தான் இருந்தது. அவர் போனை வாங்கிப் பார்த்தேன். மூன்றிலும் அதே வீடியோ, மேலே அதே வரி, அதே எழுத்து. ஒரே கிணற்றில் மூன்று குடம் மொண்டிருக்கிறார்கள். கிணற்றை யாரும் எட்டிப் பார்க்கவில்லை.

"நெட்டுல தேடுவோம்," என்றேன். அவன் முன்பே தேடியிருந்தான். 'மூணாறு நிலச்சரிவு பலி' என்று எழுதியிருந்தான். சாவைக் கேட்டிருக்கிறான், அது சாவையே கொடுத்தது. சிவப்பு எழுத்தும் அம்புக்குறியுமாகப் பத்துப் பதினைந்து வீடியோ வரிசையாக வந்தன. பஸ் ஸ்டாண்டில் அதிகம் கத்துகிறவன் வண்டியில்தான் ஆள் ஏறும். அந்த வண்டி முதலில் புறப்படும் என்று அர்த்தமில்லை. அங்கேயும் அப்படித்தான், நிறையப் பேர் பார்த்தது மேலே நின்றது. எது இன்றையது, எது போன வருடத்தது என்று தெரியவில்லை.

நான் 'தேவிகுளம் மழை' என்று மட்டும் போட்டேன். 'தேவிகுளம் பகுதியில் பாதிப்பு இல்லை, மக்கள் பத்திரம்' என்று ஒரு செய்தி வந்தது.

"லேய், ஒண்ணுமில்லடா! எல்லாரும் பத்திரமாம்!"

அவன் பாய்ந்து வந்து என் கையைப் பிடித்தான். அதற்குப் பிறகுதான் கீழே சின்ன எழுத்தில் இருந்த தேதியைப் பார்த்தேன். போன வருடத்தது. சொல்லாமல் விட்டுவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தேன். சொன்னேன். அந்த முகத்தை இரண்டாவது முறை அப்படி ஆக்கியது நான்தான். கெட்ட செய்திக்குத் தேதி பார்க்கத் தோன்றிய எனக்கு நல்ல செய்திக்குப் பார்க்கத் தோன்றவில்லை.

இதற்குள் தோட்டக்காரம்மா அந்த வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏனுங்க, இவங்க எல்லாம் எதுக்குங்க மூஞ்சிய மூடிக்கிட்டு நிக்கறாங்க?"

பார்த்தோம். நீலச் சேலைப் பெண்ணைப் பிடித்திருந்த ஆட்கள், மண்ணைத் தோண்டுகிறவர்கள், தூரத்தில் நின்ற போலீஸ்காரர், எல்லோர் முகத்திலும் மாஸ்க். சிலருக்குத் தாடைக்கு இறங்கிக் கிடந்தது. ஊரே வாயைக் கட்டிக்கொண்டு திரிந்த காலத்து வீடியோ. சேறும் அழுகையும் கண்ணை நிறைத்திருந்ததால் நாங்கள் முகங்களைப் பார்க்கவேயில்லை.

அவன் நெடுமூச்சு விட்டான். பிறகு கேட்டான்: "அது பழசுன்னா, இன்னைக்கு ஒண்ணும் நடக்கலைன்னு ஆயிருமாண்ணே?"

ஆகாது. நியாயமான கேள்வி. தோட்டக்காரம்மா சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார்.

கொஞ்சகாலம் மூணாறு பக்கம் ஒரு லாட்ஜில் பாத்திரம் கழுவியிருக்கிறேன். ரோடு திறந்திருக்கிறதா என்று டூரிஸ்டுகள் காலையில் கேட்பார்கள். வரவேற்பில் இருந்த பெண் தேடுகிற இடத்தில் 'கடந்த 24 மணிநேரம்' என்று ஒன்றை அழுத்திவிட்டுத்தான் பதில் சொல்வாள். அது நினைவுக்கு வந்தது. அதை அழுத்தினேன். தமிழில் தேடியதற்குக் கோவை, நீலகிரி மழைதான் அதிகம் வந்தது. எல்லையில் இருக்கிறவர்களுக்கு இந்தத் தொல்லை உண்டு. நாங்கள் இருப்பது கேரளத்தில், தேடுவது தமிழில். அதற்கு எங்கள் மலை பக்கத்து மாநிலம். மைக் படத்தை அழுத்தி மலையாளத்தில் சொன்னேன்: "தேவிகுளம் இன்னு மழ கேம்ப்." இன்றைய மழை, நிவாரண முகாம் என்று கேட்டேன்.

அப்போது வந்தது வேறு. படம் இல்லை, அம்புக்குறி இல்லை. ஒரு செய்தித்தாளின் நாலு வரி. அன்றைய தேதி, காலை நேரம். கூட்டிப் படித்தேன். இருவரும் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். மரம் விழுந்து ரோடு அடைபட்டிருக்கிறது. சரிவில் இருக்கும் லயத்து ஆட்களைப் பள்ளிக்கூடத்துக்கு மாற்றுகிறார்கள். எந்த லயம் என்று எழுதவில்லை.

மழைக்கால உதவி எண் என்று இரண்டு இடத்தில் கிடைத்தது. யாரோ ஒருவருடைய பக்கத்தில் இருந்த எண் அடிக்கவேயில்லை. மாவட்ட அரசுப் பக்கத்துக்கே போய்த் தாலுகா ஆபீஸ் எண்ணை எடுத்தோம். நாலாம் தடவை எடுத்தார்கள். நான் மலையாளத்தில் திணறியதும் அந்தப் பக்கத்து ஆள் தமிழுக்கு வந்துவிட்டார்.

"தமிழா? சொல்லுங்க. ஏது டிவிஷன்?"

இவன் போனை வாங்கி, எஸ்டேட்டில் தன் லயம் இருக்கும் பிரிவைச் சொன்னான்.

"அந்த லயம் காலையிலேயே காலி பண்ணியாச்சு. ஸ்கூல்ல இருக்காங்க. ஆபத்து ஒண்ணும் ரிப்போர்ட் இல்ல."

"எம் பொண்டாட்டி, பிள்ளை சார். பேரு..."

"பேரு லிஸ்ட் இன்னும் எங்கிட்ட வரலை. இப்ப வரைக்கும் உள்ளதுதான் சொல்றேன். சாயந்தரம் திரும்பக் கூப்பிடுங்க. வண்டி எடுத்துட்டு மேல வர வேண்டாம், கேட்டீங்களா?"

அந்த ஆள்தான் அன்றைக்குத் தனக்குத் தெரியாததைத் தெரியாது என்று சொன்னவர். அதனாலேயே மற்றதை நம்பினோம். நம்பினாலும் அவன் தேங்காயைத் தொடவில்லை. தேங்காய் உரிக்கிற பாரைக்கோல் பக்கத்தில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தான். தோட்டக்காரம்மா வீட்டுக்குப் போகாமல் அங்கேயே நின்று, எண்ணிய தேங்காயையே மறுபடி எண்ணினார்.

மாலை தெரியாத எண்ணிலிருந்து போன் வந்தது. அவன் மனைவி. பக்கத்தில் இருந்த எங்களுக்கும் கேட்கும் குரல்.

"என்ன, எடுத்ததும் அழுவுதீக? யாரு செத்தா?"

"நீதான்னு நெனச்சேன்."

"நல்லா நெனச்சீக போங்க! இங்க பள்ளிக்கூடம் நெறஞ்ச ஆளுக்குக் கஞ்சி காய்ச்சிக்கிட்டு இருக்கேன். செத்தவளா வந்து காய்ச்சுதா? உங்க மவன் கரும்பலகை பூரா கிறுக்கி வச்சிருக்கான்."

தோட்டக்காரம்மா சிரித்துக்கொண்டே முந்தானையால் கண்ணைத் துடைத்தார். அவன் வீடியோவைப் பற்றிச் சொன்னான்.

"எது? நீலச் சேலை கட்டின பொம்பள தலையில அடிச்சிக்கிட்டு அழுவுமே, அதுவா?"

"அதேதான்."

"மெதுவாப் பேசுங்க. அந்த அக்கா இப்போ எங்கூடதான் உக்காந்து வெங்காயம் உரிக்கி. வேற எஸ்டேட்டுல வீட்டுக்காரரு மண்ணுக்குள்ள போன அன்னைக்கு யாரோ எடுத்தது. நீங்க கீழ போன பொறவுதான் அக்கா நம்ம டிவிஷனுக்கு வந்துச்சு. வருசா வருசம் மழை பெஞ்சா சுத்தி வருது. அதனாலயே அக்கா போன் வச்சிக்கிடறதில்ல."

அவன் போனை வைத்தான். பிறகு மச்சானுக்கு எழுத ஆரம்பித்தான். 'இது பழையது. இதில் அழுகிற அக்கா எங்கள் டிவிஷனில்தான் இருக்கிறார்' என்று எழுதி என்னிடம் காட்டினான். நான் ஏதும் சொல்வதற்குள் அவனே இரண்டாவது வரியை அழித்தான். அதுவும் வீடியோவோடு சேர்ந்து ஊரைச் சுற்றும் என்று அவனுக்குப் பட்டிருக்கும். 'இது பழையது. யாருக்கும் அனுப்பாதீங்க' என்பதை மட்டும் அனுப்பினான். தோட்டக்காரம்மா அதையே வாங்கித் தன் மூன்று குரூப்பிலும் போட்டார்.

ரோடு திறந்ததும் அவன் பஸ்ஸில் மலையேறினான். அங்கே டவர் போய்விட்டால் நான் கேட்டுத் தெரிந்துகொள்ள, தாலுகா ஆபீஸ் எண்ணை என் போனிலும் போட்டுவிட்டுப் போனான்.