கேப்டனுக்குத் தனி அறை

அமுதவல்லியை மாநிலப் பெண்கள் கிரிக்கெட் அணிக்குக் கேப்டன் ஆக்கியபோது முதலில் மாறியது அவளுடைய அறைதான். அதுவரை எந்த ஊருக்கு ஆடப் போனாலும் அவளும் விக்கெட் கீப்பர் தீபிகாவும் ஒரே அறை. இந்தூர் விடுதியில் அணி மேனேஜர் அவளிடம் மட்டும் தனிச் சாவி ஒன்றை நீட்டினார்.

"கேப்டனுக்குத் தனி ரூம்மா. அதான் வழக்கம்."

தீபிகா தன் பையைத் தூக்கிக்கொண்டு, "நல்லாத் தூங்குடி, இனிமே என் குறட்டை இல்ல" என்று சிரித்துவிட்டுப் போனாள். அறையில் இரண்டு கட்டில்கள். ஒன்றின் விரிப்பு கடைசிவரை கலையவில்லை.

அமுதவல்லி வெண்ணந்தூர்க்காரி. அப்பா சென்றாயன் விசைத்தறி ஓட்டினார். வற்றிய ஏரிக்குள் அண்ணனும் கூட்டாளிகளும் ஆடும்போது ஆள் குறைந்ததால் சேர்த்துக்கொள்ளப்பட்டவள். பந்து பொறுக்க வந்தவள் பந்து வீசினாள்; அவள் வீசியதை யாராலும் அடிக்க முடியவில்லை. மட்டையைக் கொடுத்துப் பார்த்தார்கள். அவளை அவுட்டாக்கவும் முடியவில்லை. சேலத்தில் மாவட்ட அணி, பிறகு சென்னையில் மாநில அணி, ஆட்டத்துக்காகவே கிடைத்த வங்கி வேலை.

ஆத்தூர் தீபிகா மாவட்ட அணியில் கிடைத்த சிநேகிதி. அமுதவல்லியின் பந்து உள்ளே வருமா, வெளியே போகுமா என்பது அவள் ஓடி வரும்போதே தீபிகாவுக்குத் தெரிந்துவிடும். ஒரே தட்டில் சாப்பிட்டார்கள். ஒருத்தி சட்டையை மற்றவள் போட்டுக்கொண்டாள்.

கேப்டன் ஆன பிறகு தீபிகாவோடு உட்கார்ந்தால் மற்றவர்கள் பார்த்தார்கள். அதனால் வேளைக்கு ஒரு மேசையாக மாறி உட்கார்ந்து சாப்பிட்டாள். எந்த மேசைக்குப் போனாலும் பேச்சு கொஞ்சம் அடங்கியது.

இரண்டாவது வருடம், அரையிறுதிக்கு முந்தைய நாள். தீபிகாவின் முழங்கால் அந்தப் பருவம் முழுக்கத் தொல்லை கொடுத்திருந்தது. காலிறுதியில் கைக்கு வந்த கேட்சுகளை விட்டிருந்தாள். தேர்வாளர்கள் முடிவை அமுதவல்லியிடம் விட்டார்கள். அவள் புதுக் கீப்பரின் பெயரைச் சொன்னாள்.

அதைத் தீபிகாவிடம் சொல்லவும் அவளே போனாள். தீபிகா கட்டிலில் உட்கார்ந்து முழங்காலுக்கு ஐஸ் வைத்துக்கொண்டிருந்தாள்.

"நாளைக்கு நீ ஆடலடி."

தீபிகா நிமிரவில்லை. "அவங்க எடுத்துட்டாங்களா, நீ எடுத்தியா?"

அவங்கதான் என்று சொல்லியிருக்கலாம். வாய்வரை வந்தும்விட்டது.

"நாந்தான்."

"குந்தி எந்திரிக்கறதுக்குள்ள உசுரு போவுதுன்னு உங்கிட்ட மட்டுந்தான் சொன்னேன்."

"தெரியும்."

ஐஸ் உருகித் தரையில் சொட்டியது. "சரிங்க கேப்டன்" என்றாள் தீபிகா.

மறுநாள் அமுதவல்லி ஆடியதுபோல் அதற்கு முன்னும் ஆடியதில்லை, பின்னும் ஆடியதில்லை. நான்கு விக்கெட் எடுத்தாள். அதில் ஒன்று புதுக் கீப்பர் தாழப் பாய்ந்து பிடித்தது. பாதி அணி அவுட்டான பிறகு உள்ளே போய்க் கடைசிவரை நின்று ஜெயித்துக் கொடுத்தாள். நடுவில் தண்ணீர் கொண்டு வந்தவள் தீபிகா. மூடியைத் திறந்து நீட்டினாள்.

"வேற கிளவுஸ் வேணுங்களா?"

"வேண்டாம்."

ஜெயித்ததும் எல்லோரும் ஓடி வந்து அவளைத் தூக்கினார்கள். அவர்களுடைய தோள்களின் மேலிருந்து பார்த்தபோது, எல்லைக் கோட்டருகே தீபிகா காலிப் பாட்டில்களைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தாள்.

இறுதி ஆட்டத்தில் தோற்றார்கள். தீபிகா அந்த வருடத்தோடு ஆட்டத்தை விட்டாள். ஆத்தூரிலேயே கல்யாணம்; மாப்பிள்ளை வீட்டாருக்கு ஜவ்வரிசி ஆலை. அமுதவல்லி போயிருந்தாள். மேடையில் தீபிகா மாப்பிள்ளையிடம், "எங்க கேப்டன்" என்றாள். மரியாதையாகத்தான் சொன்னாள். பெயரைச் சொல்லவில்லை.

அதன் பின் அமுதவல்லிக்குத் தோள் போனது. ஆபரேஷன், பந்தைத் தொட முடியாத ஒரு பருவம். கேப்டன் பதவி வேறொருத்திக்குப் போனதை வாட்ஸ்அப்பில் பார்த்துத்தான் தெரிந்துகொண்டாள். வங்கியின் சேலம் கிளைக்கு மாற்றல் வாங்கி வெண்ணந்தூருக்கே வந்து சேர்ந்தாள். அப்பா காலமாகியிருந்தார், அண்ணன் திருப்பூரில். வீட்டில் அம்மா முத்தாயம்மாள் மட்டும். சொந்தக்காரர்கள் கல்யாணப் பேச்சை எடுத்தார்கள். பிறகு அதையும் விட்டுவிட்டார்கள். காலையில் ஜன்னல் கம்பியில் ரப்பர் பட்டையைக் கட்டித் தோளுக்குப் பயிற்சி செய்வாள். பக்கத்துத் தறிகள் நின்றுவிட்டால் வீட்டில் வேறு சத்தம் இருக்காது.

போன ஆனியில் சென்னையிலிருந்து போன் வந்தது. கேப்டனாக இருந்தவள் குடும்பத்தோடு வெளிநாடு போகிறாள். அணியில் மற்றவர்களெல்லாம் சின்னப் பிள்ளைகள். ஒரு வருடம் நடத்திக் கொடு என்றார்கள்.

"யோசிச்சுச் சொல்றனுங்க சார்" என்று வைத்தாள்.

முத்தாயம்மாள் கேட்டுக்கொண்டிருந்தாள். "மறுக்காவும் போகோணுமா சாமி? போன தடவை அந்த வேலையில இருந்தப்ப ஊட்டுக்கு வந்தாக்கூட ஒரு வார்த்த பேசமாட்டயே."

"அங்க யாரும் கூட இருக்கமாட்டாங்கம்மா. அது தெரிஞ்சதுதான்."

"அப்பறம் என்னத்துக்குப் போறே?"

பந்தைக் கையில் வாங்கி, ஒவ்வொருத்தியையும் கையசைத்து நகர்த்தி, நினைத்த இடத்தில் நினைத்தவள் நின்ற பிறகு ஓடத் தொடங்கும் அந்த நேரத்தை அம்மாவுக்கு எப்படிச் சொல்வது?

"எனக்கு அதுதாம்மா வரும்."

அமுதவல்லி போனை எடுத்து, வாரேன் என்று சொன்னாள்.

ஐப்பசியில் முதல் ஆட்டம். அவள் மூன்று விக்கெட் எடுத்தாள், நாற்பது சொச்சம் ரன் அடித்தாள், அணி தோற்றது. திரும்பும் வழியில் பஸ்ஸில் பிள்ளைகள் சிலர் அழுதார்கள். அவள் திட்டவும் இல்லை, தேற்றவும் இல்லை. அடுத்த ஆட்டத்துக்கு யாரை எடுப்பது, யாரை விடுவது என்று யோசித்தபடி ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தாள்.