நீர்வேலிக்குப் பற்றறி ஏற்றப் போன கதை

குருநகரிலிருந்து நீர்வேலிக்குச் சைக்கிளில் போகலாமா என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். தாராளமாகப் போகலாம். பத்துக் கிலோமீற்றர் வரும். நல்லூர், இருபாலை, கோப்பாய் தாண்டினால் வாழைத்தோட்டங்கள் தெரியும். நான் அந்தப் பாதையில் கடைசியாக மிதித்தது தொண்ணூற்று மூன்றில். 

அப்போது போர்க்காலம், யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லை. தடையால் கடையில் பற்றறியும் கிடையாது. அதற்கு முந்தைய ஆண்டு கடலில் மீன்பிடிக்கப் போன அத்தான், என் அக்காவின் கணவர், திரும்பி வரவில்லை. அவர் பாட்டுக் கேட்ட சின்ன வோக்மனும் ஒரு கசெற்றும் அக்காவிடம் மிஞ்சின. ஜேர்மனியிலிருந்து வந்த அந்த வோக்மனில் குரலும் பதியலாம். அத்தான் சும்மா சோதித்துப் பார்த்த குரல்தான் அந்தக் கசெற்றில் இருந்தது. "இஞ்சை வாவன், உன்ரை சத்தத்தையும் போடுவம்" என்று அக்காவைக் கூப்பிடுவார். அக்கா வராமல் அடுப்படியிலேயே நின்றுவிட்டார்; அவர் குரல் அதில் இல்லை.

அதற்குள் இருந்தவை திரும்பத் திரும்ப ஏற்றக்கூடிய இரண்டு பற்றறிகள். அவை நீடிக்க வேண்டுமே என்று அக்கா படாத பாடு பட்டார். கேட்டு முடிந்ததும் கழற்றி வைப்பார். சத்தத்தைக் குறைத்தே வைப்பார். கசெற்றை வோக்மனில் பின்னுக்குச் சுற்ற விடாமல், பேனையை அதன் பல்லுத் துளைக்குள் விட்டுக் கையால் சுற்றுவார். அப்படியும் பற்றறி இறங்கினால் நான் நீர்வேலிக்குக் கொண்டு ஓடுவேன். அங்கே தோட்டக்காரர் ஒருவர் தண்ணீர் இறைக்கும் இயந்திரத்தில் டைனமோ பூட்டிப் பற்றறி ஏற்றுவார். கூலி, ஒரு சின்னப் போத்தல் மண்ணெண்ணெய்.

அந்தக் கடைசித் தடவை பற்றறியைக் கையில் வாங்கியவர் முகம் மாறியது.

"உதுக்கு ஆர் ஆணி அடிச்சது?"

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அடியில் சின்னத் துளை இருந்தது, சுற்றிலும் உப்புப் பூத்திருந்தது. ரோச் விளக்கின் பழைய பற்றறிக்கு ஆணியால் துளை போட்டு உப்புத் தண்ணீர் விட்டால் கொஞ்ச நேரம் உயிர் வரும். அந்த நாளில் ஊரே செய்த வேலை. அக்கா இதற்கும் அதையே செய்துவிட்டார்.

"இது தண்ணி விடுற சாமான் இல்லைத் தம்பி. இனி ஏத்தினாலும் நிக்காது."

"ஒண்டெண்டாலும் தப்பாதோ, அண்ணை?"

"ரெண்டும் போச்சு. மண்ணெண்ணெயைக் கொண்டு போங்கோ."

ஆனாலும் அவர் மனம் கேட்காமல், சைக்கிள் டைனமோவில் வோக்மனை ஓட்டச் சின்ன இணைப்பொன்று செய்து தந்தார். சீராக மிதிக்கவேண்டும் என்றார். கோப்பாய் வெயிலில் திரும்பும்போது அக்காவுக்கு என்ன சொல்வது என்பதுதான் மனதில் ஓடிக்கொண்டிருந்தது.

முற்றத்தில் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து மிதியைக் கையால் சுற்றினேன். அத்தான் கதைத்தார். என் கை தளர்ந்தால் குரல் குழறியது, வேகமானால் கீச்சிட்டது. எவ்வளவு முயன்றாலும் அவருடைய குரலாக அது நிலைக்கவில்லை.

"நிப்பாட்டு," என்றார் அக்கா. "உந்தச் சத்தம் காதில நிண்டுட்டா, அவரின்ரை உண்மைச் சத்தம் போயிடும்."

கசெற்றைக் கழற்றிச் சேலைக்குள் சுற்றி வைத்தார். அழவில்லை. நான்தான் அழுதேன்.

ஆகவே, நீண்ட பயணம் போகிறவர்களே, பற்றறியை வெயிலில் வைக்காதீர்கள், பாவிக்காதபோது கழற்றி வையுங்கள். குரல் எதுவும் இருந்தால் இன்றே பிரதி எடுங்கள். நீர்வேலிக்கு இப்போது பஸ் ஓடுகிறது. எங்கள் வீட்டில் இரவு பகலாக மின்சாரம் இருக்கிறது. கசெற் போடும் பெட்டியும் வாங்கி வைத்திருக்கிறேன். அக்கா இன்னும் போடச் சொல்லவில்லை.