எண் மாறி வந்த வாழ்த்து

யூனிக்ஸ் கணினியில் மின்னஞ்சல் அமைப்பதற்காக இன்று மோடம் டயல் செய்து கீச்சிட்டதும், காஞ்சிபுரத்தில் இப்போது இல்லாமல் போன அந்தத் தந்தி ஆபீஸ்தான் காதுக்குள் வந்தது. தந்திக் கருவியின் டக் டக் எடுப்பாகக் கேட்பதற்காக அதன் பின்னால் காலி சிகரெட் டப்பா ஒன்றைச் செருகி வைத்திருப்பார் கிளார்க். தெருவின் தறிச் சத்தத்தையும் பட்டு எடுக்க வந்தவர்களின் பேச்சையும் தாண்டி அது கொட்டிக்கொண்டே இருக்கும்.

வாழ்த்துத் தந்திகளுக்கு அப்போது எண்கள் உண்டு. அனுப்புகிறவர் எண்ணைச் சொன்னால் போதும், வந்து சேரும் ஊரில் அதற்குரிய வாசகத்தை எழுதிக் கொடுப்பார்கள். பட்டப்படிப்புக்கு முந்தைய பி.யூ.சி.யில் அக்கா தேறியதற்கு மதராஸ் மாமா அனுப்பியது, எப்படியோ கல்யாண வாழ்த்தாக வந்து சேர்ந்தது.

"மாமா மாப்பிள்ளை பாத்துட்டாரு போலக்குது. இனிமே காலேஜ் எதுக்குமா?" என்றார் அப்பா.

அக்கா தந்தியோடு ஆபீசுக்கு நடந்தாள். நானும் பின்னால் ஓடினேன். கிளார்க் தந்தியடித்து மதராஸ் ஆபீசைத் திரும்பக் கேட்டார்.

"எண்ணு மாறிப்போச்சும்மா. நீ பாஸானதுக்குத்தான் வாழ்த்து."

"அத எழுதிக் குடுங்க சார். நான் சொன்னா அப்பா நம்பமாட்டாரு."

எழுதி முத்திரை குத்திக் கொடுத்தார். அப்பா அதை இரண்டு முறை படித்துவிட்டு, "நீ எந்தக் காலேஜுன்னு சொன்னேம்மா?" என்றார்.