நேர்ந்துவிட்ட பிள்ளையைத் தேடிக் கரியாலூருக்கு

காலை ஆறரை மணிக்குத் தியாகதுருகத்தில் பஸ் ஏறினோம், நானும் வீட்டுக்காரரும். எங்கள் ஊர், கள்ளக்குறிச்சி பக்கம்தான். டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் காசு கிடையாது; கண்டக்டர் எனக்குச் சும்மா ஒரு சீட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு அவரிடம் மட்டும் கையை நீட்டினார். உட்கார இடம் இருந்தும் நான் உட்காரவில்லை.

"ஒக்காரேன். நீ நின்னுக்கினு வந்தா பஸ்ஸு சீக்கிரம் போவுமா?" என்றார் வீட்டுக்காரர்.

போகாதுதான். ஆனாலும் நின்றேன்.

காரணத்தை இப்போதே சொல்லிவிடுகிறேன். கல்யாணமாகிப் பல வருஷம் எனக்குப் பிள்ளை இல்லை. எங்கள் வேதத்தில், பைபிளில், ஒரு தாய் இருக்கிறாள். பிள்ளையில்லாத ஏக்கத்தில் ஆலயத்துக்குப் போய் உதடு மட்டும் அசைய அழுது, ஆண் பிள்ளை கொடுத்தால் உமக்கே தருகிறேன் என்று பொருத்தனை செய்தவள். அவளைப் பார்த்து நானும் அப்படியே செய்தேன். ஜெபராஜ் பிறந்தான். தொட்டிலில் கிடக்கும்போதே சபைக்கெல்லாம் தெரியும், இவன் ஊழியத்துக்கு நேர்ந்துவிட்ட பிள்ளை, போதகராகப் போகிறவன் என்று.

இந்த ஜூன் மாதம் அவன் வேதாகமக் கல்லூரியில் சேர வேண்டும். இடத்துக்குச் சொல்லி வைத்தாயிற்று. பையனோ டிப்ளமோ முடித்த கையோடு, வாசலில் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நின்று, "ரெண்டு மாசம் என்ன வுட்டுடும்மா. மலைல இருந்துட்டு வரேன்" என்றான். கரியாலூரில் ஒரு பைக் மெக்கானிக் கடையில் சேர்ந்துவிட்டான். போனில் பேசினால் 'உம்', 'இல்ல' இரண்டைத் தவிர வார்த்தை வராது. கையோடு கூட்டிவந்துவிடுவது என்றுதான் கிளம்பினேன்.

எட்டு மணிக்குக் கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில் இட்லி சாப்பிட்டோம். அவர் சாப்பிட்டார், நான் பிய்த்துப் போட்டேன். மலைக்குப் போகும் பஸ்ஸில் கண்டக்டர் இளவட்டம், வாய் நிற்காது.

"இன்னாம்மா, அருவி பாக்கவா, படகு வுடவா?"

"ஊழியத்துக்குப் போவ வேண்டிய பையனக் கூட்டியாரப் போறோம்."

"கவர்மெண்ட்டா? எந்த டிபார்ட்மெண்ட்டுங்க?"

வீட்டுக்காரர் சிரித்தார். அவர் சிரித்தே ஒரு வாரம் ஆகியிருந்தது. எனக்கோ பற்றிக்கொண்டு வந்தது.

கச்சிராயபாளையத்தைத் தாண்டியதும் கரும்பும் நெல்லும் பின்னால் போய், ரோடு மலையில் ஏறத் தொடங்கியது. வளைவுக்கு வளைவு ஹாரன். பக்கத்தில் மூட்டைகள், கோழிக்கூடை, பள்ளத்தைப் பார்த்தால் தலை சுற்றல். மகனிடம் என்ன பேசுவது என்று வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தவளுக்கு, ஒரு வளைவில், அவன் வாசலில் நின்று சொன்னது திடீரென்று உறைத்தது.

இரண்டு மாதம். மலை. இதை நான் படித்திருக்கிறேன்.

வேதத்தில் இன்னொரு பொருத்தனையும் உண்டு. ஒரு படைத்தலைவன், நான் போரில் ஜெயித்துத் திரும்பினால் என் வீட்டு வாசலிலிருந்து முதலில் எதிரே வருவதை உமக்குப் பலியிடுவேன் என்று நேர்ந்துகொள்கிறான். ஜெயித்து வருகிறான். எதிரே ஆடிக்கொண்டு வருகிறாள், அவனுடைய ஒரே மகள். சொன்ன சொல்லைக் காப்பாற்றுங்கள் என்கிறாள் அவள். கேட்டது ஒன்றுதான்: இரண்டு மாதம் என்னை விடுங்கள், மலைகளில் திரிந்துவிட்டு வருகிறேன். சொன்னபடி திரும்பி வந்தாள், பலியானாள்.

முன்சீட்டுக் கம்பியில் நெற்றியைச் சாய்த்துக்கொண்டேன். பஸ் வளைவதால் என்று நினைத்து வீட்டுக்காரர் எலுமிச்சம்பழத்தை எடுத்து நீட்டினார்.

கரியாலூரில் இறங்கும்போது பத்தரை. வெயில் இருந்தும் காற்று சில்லென்று இருந்தது. கடையைத் தேட வேண்டியிருக்கவில்லை. மலையில் ஏறி இறங்கிப் பிரேக் தேய்ந்த வண்டிகள் வரிசையாக நின்றன. நடுவில் கைமுட்டி வரை கிரீஸோடு என் பிள்ளை, சீட்டியடித்துக்கொண்டு ஒரு சக்கரத்தைக் கழற்றிக்கொண்டிருந்தான். வீட்டில் அவன் சீட்டியடித்து நான் கேட்டதில்லை. எங்களைப் பார்த்ததும் நிறுத்திவிட்டான்.

"சாப்ட்டியாம்மா?"

"அந்தப் பொண்ணு கேட்டதத்தான் நீயும் கேட்டியாடா?"

எந்தப் பெண் என்று அவன் கேட்கவில்லை. துணியில் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தான்.

"சண்டே கிளாஸ்ல நீ அந்தக் கதைய மட்டும் சொல்லவே மாட்ட. நானே படிச்சேன். பயப்படாத, வந்துடுவேன். தாய் தகப்பனக் கனம் பண்ணணும்னுதான சொல்லிக்குடுத்த."

வருகிறேன் என்றுதான் சொன்னான். அதற்காகத்தான் இத்தனை தூரம் வந்தேன். எனக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வரவில்லை.

மதியம் அவன் தங்கியிருக்கும் வீட்டில் சாப்பாடு. வீட்டுச் சொந்தக்காரி அஞ்சலை, மலைக்காரப் பெண், என் வயதுதான் இருக்கும். சாமையும் மரவள்ளியும் பயிரிடுகிறார்கள். சாமைச் சோறும் கீரையும் வைத்தாள். வாய் சும்மா இருக்காமல் பொருத்தனைக் கதையை அவளிடமும் சொன்னேன்.

"புள்ளையவா நேந்து வுட்டீங்க?" என்று அவள் கரண்டியோடு நின்றாள். "நாங்க கெடாவத்தான் வுடுவோம். அதுக்குமே தண்ணி தெளிச்சிட்டு நிப்போம். அது சிலிர்த்துக்கினு தலய ஆட்டினாத்தான் சாமி ஒத்துக்கிச்சின்னு அர்த்தம். ஆட்டலன்னா நாளெல்லாம் நிக்க வேண்டியதுதான். உங்க புள்ள ஆட்டுச்சா?"

கேட்டுவிட்டு அவளே விழுந்து விழுந்து சிரித்தாள். ஜெபராஜும் சிரித்தான். நான் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தேன். தொட்டிலில் கிடந்தவனை யார் கேட்டார்கள்? வளர்ந்த பிறகுதான் யார் கேட்டோம்?

மூன்று மணி பஸ்ஸுக்கு வழியனுப்ப வந்தான். மனசு ஒரு நிலையில் இல்லை. நேர்ந்துகொண்டதைக் கொடுக்காமல் இழுத்தடிப்பவர்களை ஆண்டவருக்குப் பிடிக்காது என்றும் அதே வேதத்தில் இருக்கிறது. பஸ் திரும்பி நிற்கும்வரை அங்கும் இங்கும் நடந்தேன். பிறகு சொன்னேன்.

"ரெண்டு மாசம்னு கணக்கு வெக்காதடா. ஆண்டவரு கூப்ட்டா நீயே வா. கூப்புடலன்னா இங்கியே இரு."

"பொருத்தன?"

"அது நான் பண்ணது. எனக்கும் அவருக்கும் நடுவுல இருக்கறது. என்னக் கேக்கட்டும்."

கிரீஸ் கையோடு என் கையைப் பிடித்துக்கொண்டான். சின்ன வயதுக்குப் பிறகு அன்றுதான்.

பஸ் இறங்க ஆரம்பித்தது. அந்தப் பெண் மலையில் அழுது திரிந்த நாட்களில் தகப்பன் ஒரு தரம்கூட ஏறிப் போய் அவளைப் பார்த்ததாக எழுதியில்லை. அவனும் தேவபக்தி உள்ளவன்தான்.

"ஞாயித்துக்கெழம சபைல கேட்டா இன்னா சொல்றது?" என்றார் வீட்டுக்காரர்.

"நானே சொல்லிக்கிறேன்" என்றேன்.

கச்சிராயபாளையம் வந்ததும் சமவெளியின் புழுக்கம் முகத்தில் அடித்தது. கண்ணை மூடி ஜெபிக்கப் பார்த்தேன். இத்தனை வருஷமும் 'உமக்குக் கொடுத்த பிள்ளை' என்றுதான் அவனுக்காக ஆரம்பிப்பேன். நாக்கு அந்த இடத்தில் தடுக்கி நின்றது. வேறு எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. கடைசியில், மற்றத் தாய்மார்கள் கேட்கிற மாதிரி கேட்டேன்.

"ஆண்டவரே, எம் புள்ள மலையில இருக்கான். பாத்துக்கோங்க."