மூன்று கையெழுத்துகள்

முப்பத்திரண்டு வருடங்கள் நர்ஸாக வேலை பார்த்தேன். அதில் ஒரே ஒரு நாள்தான் செய்யாத வேலையைச் செய்ததாக எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். அன்றைக்கு மூன்று கையெழுத்து. என் பிள்ளைகளிடம்கூட இதைச் சொன்னதில்லை.

அறுபதுகளின் நடுப்பகுதி. மத்திய அந்தமானில் ரங்கத்திலிருந்து லாரியில் ஒரு மணி நேரம் உள்ளே போனால் வரும் ஒரு குடியிருப்பில் அந்தச் சிறிய ஆஸ்பத்திரி இருந்தது. ஊர்ப் பெயர் வேண்டாம். ஆண்களுக்கு எட்டுக் கட்டில், பெண்களுக்கு ஆறு. ஒரு டாக்டர், ஒரு கம்பவுண்டர், இரண்டு நர்ஸ், இரண்டு ஆயா. மதுரையில் பயிற்சி முடித்துவிட்டு, கப்பலில் நான்கு நாளும் வாந்தி எடுத்தபடி வந்து இறங்கியவள் நான். இருபத்தாறு வயது. டாக்டர் வங்காளி, அவரோடு இந்தியில்தான் பேச்சு. காட்டு வேலைக்கு வந்த தமிழ் ஆட்கள் யாராவது வந்து படுத்தால், அவர் சொல்வதை இவர்களுக்கும் இவர்கள் சொல்வதை அவருக்கும் எடுத்துச் சொல்வது என் வேலையாகிவிடும்.

அடைமழை பெய்துகொண்டிருந்த ஒரு காலையில் ஒருவரைக் கொண்டுவந்தார்கள். ராமநாதபுரம் பக்கத்து ஆள், முப்பது வயதுக்கு மேல் இருக்காது. மரம் வெட்டும் கூப்பில் யானை இழுத்துப் போட்ட பெரிய படாக் மரக்கட்டை ஒன்று சேற்றில் வழுக்கி உருண்டு, இடுப்பில் இடித்து அவரைச் சாய்த்துவிட்டது. நல்ல நினைவோடுதான் இருந்தார். டாக்டர் சொன்னபடி ஊசி நுனியால் காலில் குத்திப் பார்த்தேன்.

“குத்துங்க சிஸ்டரம்மா” என்றார், என் முகத்தையே பார்த்துக்கொண்டு.

நான் அதற்குள் நான்கு இடத்தில் குத்தியிருந்தேன்.

போர்ட் பிளேயருக்கு அனுப்பித்தான் ஆகவேண்டும் என்றார் டாக்டர். ஆனால் கடல் கொந்தளித்துக் கிடந்தது. படகு எப்போது வரும் என்று யாருக்கும் தெரியவில்லை. அதுவரை அவரை நாங்கள்தான் வைத்துக்கொள்ள வேண்டும். முதுகெலும்பு முறிந்தவரை ஒரு சிறிய வார்டில் வைத்துக்கொள்வது என்றால் முக்கியமாக ஒன்றுதான்: தோல் கெடாமல் பார்த்துக்கொள்வது. நாம் படுத்திருக்கும்போது தூக்கத்தில்கூடப் புரள்கிறோம், வலி நம்மைப் புரட்டுகிறது. வலியே தெரியாதவரை வேறொருவர் புரட்டவேண்டும். புரட்டாவிட்டால் எலும்புக்கும் மெத்தைக்கும் நடுவில் சதை நசுங்கி, ரத்தம் ஓடாமல், உள்ளுக்குள்ளேயே செத்துப்போகும். வெளியே தெரியும்போது காலம் கடந்திருக்கும். இதெல்லாம் எனக்கு நன்றாகவே தெரியும். பரீட்சையில் இதற்கு நான்தான் வகுப்பில் முதல்.

இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை வலப்பக்கம், மல்லாக்க, இடப்பக்கம். ஒவ்வொரு முறையும் குதிகால், இடுப்பு, முதுகின் அடிப்பாகம் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, கட்டிலின் கால்மாட்டில் தொங்கும் சார்ட்டில் நேரத்தை எழுதிக் கையெழுத்துப் போடவேண்டும். அந்தத் தாளில் டாக்டரே தன் கையால் கோடு போட்டிருந்தார்.

அடிபட்டவரின் மனைவி கூடவே இருந்தாள். என் வயதுதான் இருக்கும். அதிகம் பேசமாட்டாள். அந்த மழையில் எந்தத் துணியும் காயாது. ஈரத்தில் படுத்தால் தோல் ஊறி இன்னும் சீக்கிரம் பிய்யும் என்று நான் ஒருமுறை சொன்னதுதான், அன்றிலிருந்து அவள் சமையலறை அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு விரிப்பாக அனலில் பிடித்துக் காயவைத்துக்கொண்டு வருவாள். விரிப்பில் புகை வாசனை அடிக்கும், ஆனால் மொடமொடவென்று இருக்கும். ஒரு சுருக்கம்கூட இல்லாமல் இழுத்து விரிப்பாள். அவளிடம் நான் கண்டிப்பாகச் சொல்லிவைத்திருந்தேன்: “நீ மட்டும் தனியா அவரைத் திருப்பிடாதே. ரெண்டு பேர் ஒண்ணாப் பிடிச்சு, கட்டை மாதிரி மொத்தமாத் திருப்பணும். இல்லேன்னா முறிஞ்ச எலும்பு நகர்ந்துடும்.” சரி என்று தலையாட்டினாள். அப்படியே நடந்துகொண்டாள்.

பதினோரு நாள் அவர் தோலில் ஒரு சிவப்புகூட இல்லை. டாக்டர் ரவுண்ட்ஸில் சார்ட்டைப் பார்த்து, எப்போதாவது அவரைத் திருப்பியும் பார்த்துவிட்டு “பஹுத் அச்சா” என்பார். எனக்குள் கொஞ்சம் கர்வம் ஏறியிருந்தது.

பன்னிரண்டாம் நாள் மற்ற நர்ஸ் மலேரியாவில் படுத்துவிட்டாள். ஓர் ஆயா லீவு. மதியம் ஒரு தெலுங்குப் பெண்ணைப் பிரசவத்துக்குக் கொண்டுவந்தார்கள். குழந்தை குறுக்கே கிடந்தது. டாக்டர், நான், இன்னோர் ஆயா மூவரும் அந்த அறைக்குள் போனோம்; வெந்நீர் எடுக்க நான் சமையலறைக்கு ஓடிவந்ததைத் தவிர, அந்தி வரை யாரும் வெளியே வரவில்லை. நடுவில் இரண்டு முறை முதுகெலும்பு முறிந்தவரின் மனைவி கதவருகே வந்து நின்றாள்.

“சிஸ்டரம்மா, அவுகளைத் திருப்பணும்.”

“வர்றேன் போ” என்றேன் முதல் முறை. இரண்டாம் முறை திரும்பிக்கூடப் பார்க்காமல் கையை மட்டும் ஆட்டினேன்.

தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். அந்த நிம்மதியோடு ஆண்கள் வார்டுக்குப் போனபோது மணி ஏழு. மத்தியானம் பன்னிரண்டுக்கு மல்லாக்கப் படுக்கவைத்தவர் அப்படியே கிடந்தார். மூத்திரக் குழாய் நழுவி விரிப்பு நனைந்திருந்தது. அவளும் நானும் சேர்ந்து திருப்பினோம். முதுகின் அடியில், இடுப்பெலும்பு முடியும் இடத்தில், உள்ளங்கை அளவுக்கு ஒரு கருஞ்சிவப்பு. விரலால் அழுத்திப் பார்த்தேன். நல்ல தோலாக இருந்தால் அழுத்திய இடம் வெளுத்துவிட்டுப் பிறகுதான் சிவக்கும். இது வெளுக்கவே இல்லை.

எங்களுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தபடி ஸ்பிரிட்டை ஊற்றி அழுத்தித் தேய்த்தேன். அங்கே ரத்தம் மறுபடி ஓட ஆரம்பிக்கும் என்பது அன்றைய பாடம். அப்படித் தேய்ப்பது நசுங்கிய சதையை இன்னும் கெடுக்கும், தேய்க்கவே கூடாது என்று பல வருடம் கழித்துத்தான் புதிய புத்தகங்களில் வந்தது. அதைப் படித்த அன்று என் கையை நானே பார்த்துக்கொண்டிருந்தேன்.

தேய்த்து முடித்து, பவுடர் போட்டு, சார்ட்டை எடுத்தேன். இரண்டு மணி, நான்கு மணி, ஆறு மணி என்று மூன்று கட்டங்கள் காலியாக இருந்தன. பேனாவைத் திறந்து மூன்றிலும் கையெழுத்துப் போட்டேன். பதினோரு நாள் சுத்தமாக இருந்த தாள் அது.

மூன்றாம் நாள் அந்த இடம் கறுத்து, மேல்தோல் உரிந்து வந்துவிட்டது. டாக்டர் குனிந்து பார்த்தார், சார்ட்டைப் பார்த்தார், மறுபடி புண்ணைப் பார்த்தார். சார்ட்டில் ஒரு குறையும் இல்லை, அப்படியானால் இது எப்படி வந்தது என்று என்னைக் கேட்டார். நான் குனிந்து விரிப்பின் ஓரத்தைச் செருகினேன். அவர் பார்வை நோயாளியின் மனைவிமேல் போனது.

“நாம் இல்லாத நேரத்தில் இவள்தான் மல்லாக்கப் புரட்டியிருக்கிறாள். அவன் சௌகரியமாக இருக்கிறது என்று கேட்டிருப்பான். அவளிடம் சொல்லு. இந்தப் புண்ணுக்கு அவள்தான் காரணம் என்று சொல்லு.”

அவர் இந்தியில் சொன்னதை நான் தமிழில் சொன்னேன். ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன். அவள் கையில் புதிதாகக் காயவைத்த விரிப்பு இருந்தது. அதை மார்போடு பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். பிறகு டாக்டரைப் பார்த்து, “இனிமே செய்யமாட்டேன்னு சொல்லுங்க” என்றாள்.

அதையும் இந்தியில் சொன்னேன்.

மறுநாள் காலை டாக்டர் அறைக்குள் போய், நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். அவர் சத்தம் போடவில்லை. மேஜைமேல் இருந்த கண்ணாடியை எடுத்துத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

“காலியாக விட்டிருந்தால் அன்றைக்கே நான் பார்த்திருப்பேன்” என்றார். “நீ கையெழுத்துப் போட்டதால்தான் நான் பார்க்கவில்லை.”

எனக்கு மெமோ எழுதினார். வாங்கிக்கொண்டேன். அவள் சமையலறை அடுப்புப் பக்கத்தில் இருந்தாள். நான் போய் எதிரே உட்கார்ந்தேன்.

“அன்னிக்கு நான் திருப்பவே இல்லை. ஆனா திருப்பினதா எழுதிட்டேன். நேத்து உன்மேல பழி வந்தப்பவும் சும்மா இருந்துட்டேன். டாக்டர்கிட்ட இப்ப சொல்லிட்டு வர்றேன்.”

“தெரியும் சிஸ்டரம்மா. நான் அங்கதானே நின்னேன். பேனா மூணு தரம் ஓடுச்சு.”

“அப்புறம் ஏன் நேத்து ஒத்துக்கிட்டே?”

விரிப்பின் மறுபக்கத்தை அனலுக்குத் திருப்பினாள்.

“நான் இல்லேன்னு சொன்னா உங்களுக்குக் கோவம் வரும். நீங்க கோவிச்சுக்கிட்டா அவுகளை யாரு பாப்பா?”

அழவில்லை, குரலை உயர்த்தவில்லை. கணவனின் உயிர் யார் கையில் இருக்கிறது என்று கணக்குப் போட்டு, அந்தக் கையைப் பகைத்துக்கொள்ளாமல் இருந்திருக்கிறாள். அந்தக் கை என்னுடையது. மன்னித்துவிடு என்று சொல்ல நினைத்தேன். அதைக்கூட அவள் எனக்குப் பயந்துதான் ஏற்றுக்கொள்வாள் என்று தோன்றியதால் சொல்லவில்லை. எழுந்து வந்துவிட்டேன்.

ஒரு வாரம் கழித்துப் படகு வந்தது. கூட ஒரு நர்ஸ் போகவேண்டும் என்றதும் நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். விடியற்காலையில் ரங்கத் ஜெட்டியில் ஏற்றினோம். படகில் கட்டில் கிடையாது, மேல்தளத்துப் பலகைதான். நானும் அவளும் கொண்டுபோன மெத்தை மெலிசு. அங்கிருந்த சனங்களிடம் எனக்குத் தெரிந்த இந்தியில் விஷயத்தைச் சொன்னேன். ஒரு வங்காளி விவசாயி தன் படுக்கை மூட்டையை அவிழ்த்து நீட்டினார். ஒரு மலையாளப் பெண் தலையணையைக் கொடுத்தாள். இலவம் பஞ்சுத் தலையணை, துணி மூட்டை, யாரோ ஒருவரின் கம்பளி என்று ஒவ்வொன்றாக வந்தது. எலும்பு படும் இடமெல்லாம் பலகையில் படாதபடி அடுக்கினோம்.

அந்த விவசாயி கையில் வாட்ச் கட்டியிருந்தார். முதல் முறை திருப்பும்போது கால் பக்கம் பிடிக்க வந்தவர், அதன்பிறகு நான் நேரம் பார்க்கும் அவசியமே வைக்கவில்லை.

“சிஸ்டர், தோ கண்டா ஹோ கயா” என்பார், இரண்டு மணி நேரம் ஆகிவிட்டது என்று. நாலைந்து பேர் எழுந்து வருவார்கள். நான் மூன்று எண்ணுவேன். படகு ஆடும் ஆட்டத்துக்கு ஏற்றபடி எல்லோருமாகச் சேர்ந்து அவரை ஒரே கட்டையாகத் திருப்புவோம். அவர் வெட்கத்தில் கண்ணை மூடிக்கொள்வார். புண்ணில் ஈரம் படாமல் அவள் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொள்வாள். போர்ட் பிளேயரின் ஃபீனிக்ஸ் பே ஜெட்டியில் இறங்கும்வரை நான்கு முறை திருப்பினோம். நான்கையும் எழுதினேன். ஒருமுறை அரை மணி நேரம் தாமதமாகிவிட்டது, அதையும் எழுதினேன்.

போர்ட் பிளேயரில் ஐந்து மாதம் இருந்தார். புண் ஆறியது, கால்கள் வரவில்லை. திரும்பிவந்து குடியிருப்பிலேயே ஒரு குடிசையில் இருந்தார்கள். அவள் தேக்கு நாற்றங்காலில் வேலைக்குப் போனாள். ஆஸ்பத்திரி விட்டதும் சில நாள் நான் போய் அவர் முதுகைப் பார்த்துவிட்டு வருவேன். அவள் டீ போட்டுத் தருவாள். அந்தப் பழைய விஷயத்தை நாங்கள் இருவருமே பேசியதில்லை.

இரண்டு வருடம் கழித்து எனக்கு வேறு தீவுக்கு மாற்றல் வந்தது. அங்கே இருந்தபோதுதான், குளிர் காய்ச்சலும் மூத்திரத்தில் சீழுமாக ஒரு வாரம் கிடந்து அவர் இறந்துபோனார் என்று கேள்விப்பட்டேன். அடுத்த முறை அந்தப் பக்கம் போனபோது அவளைத் தேடிப் போனேன். நாற்றங்காலில் பைகளில் மண் நிரப்பிக்கொண்டிருந்தாள். கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்தாள்.

அவளே சொன்னாள்.

“கடைசியாக் குளிப்பாட்டும்போது பாத்தேன் சிஸ்டரம்மா. முதுகுல ஒண்ணுமே இல்ல. அந்த ஒரு வடு மட்டுந்தான்.”

அவள் குரலில் குத்தல் இல்லை. நடந்ததைச் சொன்னாள், அவ்வளவுதான். பிறகு மேஸ்திரி கூப்பிட்டார், அவள் வேலைக்குத் திரும்பினாள். நான் லாரி பிடிக்க ரோட்டுக்கு நடந்தேன்.