பதினோராம் மாடிக்கு விரால்

வடிகால் ஓரமாகக் குந்தியபடி, கீரையாகச் சமைக்க, சுருண்டிருக்கும் பெரணித் தளிரை வீரமுத்து விரல் நகத்தால் கிள்ளுகிறார். ஒடிக்கும்போது டக்கென்று சத்தம் வர வேண்டும். வளைந்து கொடுத்தால் முற்றல், விட்டுவிடுவார். எண்ணெய் எடுக்கும் செம்பனை மட்டைகளுக்கு அடியில், ஆள் அரவமே இல்லாத அந்த இடத்துக்கும் துவைத்துத் தேய்த்த சட்டையோடுதான் வருவார். கழுத்துப் பொத்தான் வரை மாட்டியிருப்பார். தலைக்கு எண்ணெய் வைத்து வகிடு எடுத்திருப்பார். ஏன் என்று கேட்டால், "யாராச்சும் எதுக்க வந்துட்டா?" என்பார். எதிரே வருவது பெரும்பாலும் உடும்புதான்.

மந்தின் ஊருக்கு வெளியே இருக்கும் செம்பனைத் தோட்டத்தில் பழக்குலை ஏற்றும் டிராக்டரை ஓட்டி ஓய்ந்தவர். வீட்டுக்குப் பின்னால் இரண்டு டுரியான் மரங்கள், புளிப்புக்காய் காய்க்கும் ஒரு கெடொண்டோங், வேலியை ஒட்டி அருநெல்லி. ஜூன் மாதம் வெயில் காய ஆரம்பித்துவிட்டால் அவரை வீட்டுக்குள் பார்க்க முடியாது. காலையில் கீரையும் காளானும். வெயில் ஏறியதும் ஈயம் தோண்டி விட்டுப்போன பழைய ஈயக்குட்டையில் தூண்டில். பொழுது சாயும்போது மரத்தடியில் பழம் பொறுக்குவார். வழியில் பார்ப்பவர்களிடம், "நாங்க மீனுக்குப் போறோம்லா" என்று பன்மையில்தான் சொல்வார். மோட்டார் சைக்கிளின் பின் இருக்கையில் யாரும் இருக்கமாட்டார்கள்.

முன்பு அங்கே உட்கார்ந்து போனவள் அவர் மனைவி வள்ளிநாயகி. கிள்ளானில் மகள் ஷாமினிக்குக் குழந்தை பிறந்தபோது, ஒரு மாதம் இருந்துவிட்டு வருகிறேன் என்று கிளம்பினாள். மகளுக்கும் மருமகனுக்கும் மாறி மாறி ஷிப்ட் வேலை. பேத்தி நடக்க ஆரம்பித்ததும் திரும்புவதாகப் பேச்சு. அவள் நடப்பதற்குள் அடுத்தது வயிற்றில் வந்துவிட்டது. இப்போது பெரியவள் பள்ளிக்கூடம் போகிறாள். சண்டை இல்லை, மனக்கசப்பு இல்லை. தீபாவளிக்கு வருவாள், பொங்கலுக்கு வருவாள், இரண்டு நாளில் போய்விடுவாள். மனைவி எங்கே என்று புது ஆள் யாராவது கேட்டால், "அங்கதான் இருக்கா" என்பார். பக்கத்து அறையில் இருப்பவளைப் பற்றிச் சொல்வது போல இருக்கும்.

அவரும் ஒருமுறை அங்கே போய் இருந்து பார்த்தார். பதினோராம் மாடி. ஜன்னலைத் திறந்தால் இன்னொருத்தர் ஜன்னல். ஒருநாள் கீழே இறங்கி, கட்டடத்துக்குப் பின்னால் ஓடும் கால்வாயில் கால்சட்டையைச் சுருட்டிக்கொண்டு மீன் தேடினார். காவலுக்கு இருந்த ஜாகா அவரை லிஃப்டில் ஏற்றிக் கொண்டுவந்து மகளிடம் ஒப்படைத்துவிட்டுப் போனார். ஷாமினி விழுந்து விழுந்து சிரித்தாள். அவரும் சேர்ந்து சிரித்துவிட்டு, மறுநாளே பையை எடுத்துக்கொண்டு ஊர் திரும்பினார்.

டுரியான் சீசன் முழுக்க அவர் வீட்டுக்குள் புளித்த வாடை அடிக்கும். சுளையைக் கொட்டை நீக்கி, உப்புப் போட்டுப் பிசைந்து, தெம்போயாக் ஊறுகாய்க்காகப் போத்தலில் அடைத்து வைப்பார். கெடொண்டோங்கைக் கீறி வெயிலில் வாட்டி, சர்க்கரையும் மிளகாயும் போட்டு ஊற வைப்பார். அருநெல்லிக்கு உப்புத் தண்ணீர். ஒரு தனி ஆள் எத்தனை வருடம் சாப்பிட்டாலும் தீராது. வள்ளிநாயகிக்கு உறைப்பு குறைவாக வேண்டும் என்பதால் எல்லாவற்றிலும் மிளகாயைக் குறைத்தே போடுவார். அவருக்கோ காரம்தான் பிடிக்கும்.

சாயங்காலம் வீடியோ காலில் பேசுவார்கள். நலம் விசாரிப்பதெல்லாம் கிடையாது. எந்த மரம் பூத்தது, எதில் எறும்பு ஏறியது என்று இவர் சொல்வார், அவள் கேட்டுக்கொண்டிருப்பாள். இந்த சீசனில் அப்படிப் பேசிக்கொண்டிருந்தபோது பேத்தி போனைப் பிடுங்கிக்கொண்டு ஓடினாள். திரையில் கூரை தெரிந்தது, விசிறி தெரிந்தது, அப்புறம் ஒரு கால் தெரிந்தது. முட்டிக்கு மேலும் கீழும் வெள்ளைக் கட்டு. பக்கத்தில் பிடித்து நடக்கும் கம்பி. அது யாருடைய கால் என்று அவர் கேட்கவில்லை. அந்தப் பாதத்தை அவருக்குத் தெரியாதா?

ஷாமினி போனை வாங்கி, முட்டியில் ஆபரேஷன் முடிந்து ஒரு வாரம் ஆகிறது, பயப்பட ஒன்றுமில்லை, அம்மாதான் சொல்லவேண்டாம் என்றார் என்றாள். வீரமுத்து "ம்" என்றார்.  போனை வைத்துவிட்டு வாசல் படியில் வந்து உட்கார்ந்தார். பின்னால் ஒரு டுரியான் விழுந்தது. எழுந்து போகவில்லை.

விடிந்ததும் ஈயக்குட்டைக்குப் போனார். ஆபரேஷன் காயம் ஆற விரால் மீன் வேண்டும். இந்த நாட்டில் எந்த இனத்தாரும் அதில் ஒரே கட்சிதான். சிறு தவளையைத் தூண்டிலில் கோத்து, புல் மறைவில் நீரைத் தொட்டும் தொடாமலும் ஆடவிட்டார். அன்று ஒன்றும் எடுக்கவில்லை. மறுநாளும் இல்லை. பசி தெரியாமல் உட்கார்ந்திருந்தார். மூன்றாம் நாள் நல்ல கருப்பாக இரண்டு விரால் விழுந்தன. பெயிண்ட் வாளியில் கொஞ்சம் தண்ணீரோடு அவற்றை விட்டு, மூடியில் ஆணியால் துளை போட்டு, நீலாயில் மோட்டாரை நிறுத்திவிட்டு ரயில் ஏறினார்.

ரயிலில் வாளி தட்டியது. உள்ளே ஏதோ அடிப்பதைக் கேட்டு எல்லோரும் தள்ளி உட்கார்ந்தார்கள். எதிரே இருந்த மலாய்க்கார அம்மா மட்டும் குனிந்து, என்ன மீன் என்று கேட்டார். ஹாருவான் என்று விராலின் மலாய்ப் பெயரைச் சொன்னார் இவர். உடனே அந்த அம்மா, யாருக்கு ஆபரேஷன் என்றார். மனைவிக்கு என்றார். மூன்று நாளில் அவர் அதை ஒரு மனிதரிடம் சொல்வது அதுதான் முதல் தடவை. அந்த அம்மா வேறு எதுவும் கேட்காமல், வாளி சரியாதபடி தன் காலை அணைவாக வைத்துக்கொண்டார்.

கிள்ளானில், சமையலறை மேடையில் விரால் சாறு ஏற்கெனவே வந்திருந்தது. கடையில் விற்கிற சின்னச் சின்னப் போத்தல்கள். வீரமுத்து ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார், வைத்துவிட்டார். கத்தியைத் தீட்டிக்கொண்டு மீனை ஆய்ந்தார். இஞ்சி, பூண்டு, மிளகு தட்டிப்போட்டு, ரசம் மாதிரி கொதிக்க விட்டார். வள்ளிநாயகி கட்டிலில் சாய்ந்தபடி கிண்ணத்தை வாங்கிக் குடித்தாள். அவர் எதிரே உட்கார்ந்து தட்டில் முள் எடுத்துக்கொண்டிருந்தார்.

"ஏன் வள்ளி சொல்லல?"

"சொன்னா ஓடியாந்துருவீங்க. இங்க உங்களால இருக்க முடியாதே."

அவர் இன்னொரு முள்ளை எடுத்துத் தட்டு ஓரம் வைத்தார். கால் சரியானதும் வீட்டுக்கு வருகிறாயா என்று கேட்டார். இத்தனை வருடத்தில் அதை அவர் கேட்டதே இல்லை. அவள் கிண்ணத்தைக் கீழே வைத்தாள். பக்கத்து அறையில் சின்னவன் தூக்கத்தில் முனகினான். அவள் தலை தானாக அந்தப் பக்கம் திரும்பி, மறுபடி இவர் பக்கம் வந்தது.

"அங்க வந்தா இதுங்க நெனப்பா இருக்கு. இங்க இருந்தா உங்க நெனப்பா இருக்கு. நான் என்னாங்க செய்யட்டும்?"

 முள் எடுத்த சதையை அவள் கிண்ணத்தில் போட்டார். அவள் சாப்பிட்டாள்.

மறுநாள் மத்தியானம் கிளம்பினார். இன்னும் ரெண்டு நாள் இருங்கப்பா என்று ஷாமினி கெஞ்சினாள். பழம் கீழே கொட்டிக் கிடக்கும், குரங்கு தின்றுவிடும் என்றார். வள்ளிநாயகியால் லிஃப்ட் வரை வர முடியாது. ஜன்னல்கிட்ட வந்து நிற்கிறேன், கீழே போனதும் பாருங்க என்றாள்.

கீழே வாகனங்கள் நிற்கும் இடத்தைக் கடந்து திரும்பி நின்றார். மேலே அடுக்கடுக்காக ஜன்னல்கள், எல்லாம் ஒரே மாதிரி. ஒன்று, இரண்டு என்று மாடிகளை எண்ணத் தொடங்கி, கண் கூசி, பாதியில் விட்டுவிட்டார். எதிலும் ஆள் தெரியவில்லை. பையைத் தரையில் வைத்தார். வலது கையைத் தலைக்கு மேலே உயர்த்தி, இடது கோடியில் இருக்கும் ஜன்னலிலிருந்து வலது கோடி வரை, அந்தக் கட்டடம் முழுவதையும் பார்த்து மெதுவாக அசைத்தார்.